பதில் தட்டல்

பொழுது புலரும் முன்பே பட்டறையின் துருத்தி மூச்சுவிடத் தொடங்கிவிட்டது. குற்றால மலையிலிருந்து இறங்கிய ஆனிச் சாரல் தென்காசித் தெருக்களைக் கடந்து வந்து, தகரக் கூரையின் விளிம்பில் திரண்டு, நூல் நூலாக வடிந்துகொண்டிருந்தது. பேச்சித்தாயும் மற்றப் பெண்களும் கிணற்றிலிருந்து மண்ணெண்ணெய்த் தகரங்களில் நீர் சுமந்து வந்து தொட்டியில் கொட்டினார்கள். தலையில் வைத்திருந்த சும்மாடுகள் ஊறி, நீர் அவர்களுடைய புருவங்களின் வழியே இறங்கியது. துடைப்பதற்கு ஒரு கை வேண்டும். இரண்டு கைகளும் தகரத்தைப் பிடித்திருந்தன.

நல்லகண்ணு இரும்பைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அது பேருந்துகளுக்குக் கூடு கட்டும் பட்டறை. ஆனால் சீனப் போருக்குப் பின் வந்த அந்த இரண்டாவது சாரல் காலத்தில், அவன்முன் நின்றது பேருந்து அன்று. ஆறு சக்கரங்களின்மேல், முகம் சரிந்து, சன்னல் ஒன்றுமின்றி நின்றது ஓர் இரும்பு உடல். சாலையில் சக்கரத்தால் ஓட வேண்டும். ஆறு குறுக்கிட்டால் அதில் இறங்கி மிதந்து அக்கரை ஏற வேண்டும். குண்டு துளைக்காத தன் வயிற்றுக்குள் காலாட்படை வீரர்களைச் சுமக்க வேண்டும். முதலாளி ஆவுடைநாயகம், பண்பொழிப் பக்கத்து வயல்களை விற்று, அந்த வண்டியின் முதல் மாதிரியைச் செய்து இராணுவத்துக்குக் காட்ட முனைந்திருந்தார். காகிதங்களில் அதற்கு நீண்டதோர் ஆங்கிலப் பெயர் இருந்தது. தொழிலாளர்கள் அதை ஆமை என்றார்கள்.

ஆமையின் முதுகில் சிவப்பு வட்டங்கள் இருந்தன. முந்தின நாள் அவற்றின்மேல் பச்சை வண்ணம் பூசினார்கள். மெழுகு கலந்த கட்டியால் வரைந்த வட்டங்கள் ஆதலால், வண்ணம் அவற்றின்மேல் பிடிக்கவில்லை. விடிந்து பார்த்தபோது, வட்டமிருந்த இடங்களில் மட்டும் பச்சை உரிந்து, சிவப்பு மீண்டும் கண் விழித்திருந்தது. அவற்றை வரைந்தவன் நல்லகண்ணு. சுரண்டும் வேலையும் அவனுக்கே வந்தது.

அப்போது ஆமையின் உள்ளிருந்து ஒரு தட்டல் கேட்டது.

துருத்தி நின்றது. பேச்சித்தாய் தலையில் தகரத்தோடு அப்படியே நின்றாள். நல்லகண்ணுவின் வலக்கை, அவனைக் கேளாமலே, இடுப்பில் செருகியிருந்த சிறு சுத்தியலை நோக்கிப் போயிற்று. பாதி வழியில் அதை அவன் இடக்கையால் பிடித்து நிறுத்தினான்.

“இரும்பு குளுருக்குச் சுருங்குதுடே. சோலியப் பாருங்க,” என்றார் ஒலி முகம்மது. இரும்பைப் பற்றவைப்பவர், பட்டறையில் எல்லோருக்கும் மூத்தவர்.

தினமும் அவர் அதையே சொன்னார். இரும்பு குளிருக்குச் சுருங்கும் என்பது உண்மை. ஆயினும் அதைச் சொல்லும்போது அவர் ஆமையின் பக்கம் திரும்புவதில்லை.

பேருந்துக் கூடு கட்டும் தென்காசிப் பட்டறைகளில் ஒழுகல் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. கூரை முடிந்ததும் பெண்கள் ஏணியில் ஏறி அதன்மேல் நீரை ஊற்றுவார்கள். உள்ளே ஒருவன் அமர்ந்திருப்பான். எங்கே துளி இறங்குகிறதோ, அங்கே உட்புறத்தில் ஒரு தட்டுத் தட்டுவான். மேலே இருப்பவன் அந்த இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு, பதிலுக்கு இரண்டு தட்டுத் தட்டுவான். ‘கேட்டேன், குறித்துவிட்டேன்’ என்பது அதன் பொருள். அந்த மொழியில் இவற்றைத் தவிர வேறு சொல் இல்லை, தேவைப்பட்டதும் இல்லை. உள்ளே இருப்பவனுக்கு அலுத்துப்போனால், படி வழியாக இறங்கி வந்து ஒரு பீடியைப் பற்றவைப்பான். பேருந்துக்குப் படி உண்டு, வாசல் உண்டு.

ஆமைக்கு வாசல் என்று இருந்தது மேல்மூடி ஒன்றுதான். அதை உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி, பொறியாளர் ஞானசம்பந்தம் வரைந்த படத்தில் இருந்தது, வண்டியில் இல்லை. கோயம்புத்தூரில் அது வார்ப்பாகி வரத் தாமதமாயிற்று. மிதக்கிறதா என்று பார்ப்பதற்குக் கைப்பிடி எதற்கு என்றார் முதலாளி. மூடியை வெளியிலிருந்து திருகாணிகளால் முடுக்கச் சொன்னார்.

முதன்முறை மிதக்கவிட்ட நாளில் உள்ளே இறங்கியவன் வீரபாகு. ஒழுகல் பார்ப்பதில் பட்டறையிலேயே கெட்டிக்காரன். இறங்கும்போது நல்லகண்ணுவை நிமிர்ந்து பார்த்து, “ஏலே, மேல உக்காந்து தூங்கிராத. நா தட்டுவேன், பாத்துக்க,” என்றான்.

லாரியில் கட்டிய கயிறு ஆமையை நெடுங்குளத்துக்குள் மெல்ல இறக்கியது. சக்கரங்கள் மறைந்தன. உடல் ஒருமுறை தாழ்ந்து, பிறகு எழுந்து நின்றது. மிதந்தது. கரையில் பெண்கள் குலவையிட்டார்கள். மடையில் நீர் இரைந்தது. ஆமையின் முதுகில் நின்ற நல்லகண்ணுவின் காலடியில், வால் பக்கத்தில், ஒரு தட்டல் கேட்டது. வட்டம் போட்டான்; இரண்டு தட்டுத் தட்டினான். சற்று முன்னால் இன்னொரு தட்டல். வட்டம், இரண்டு தட்டு. பிறகு தட்டல்கள் நெருங்கி வந்தன. “வீரபாகுக்கு இன்னைக்கு என்ன சுறுசுறுப்புங்கிய!” என்று கரையைப் பார்த்துச் சிரித்தான். ஒவ்வொரு தட்டலுக்கும் முறை தவறாமல் பதில் சொன்னான். கடைசித் தட்டல்கள் மூடியைச் சுற்றிக் கேட்டன. மூடியைச் சுற்றியும் வட்டங்கள் போட்டான்.

பின்சக்கர அச்சின் அடைப்புப் பிய்ந்திருந்தது. வால் தாழ்ந்து, முகம் நிமிர்ந்து, ஆமை சரிந்தபோது நல்லகண்ணு நீரில் விழுந்தான். திருகாணியைக் கழற்றும் ஸ்பானர், எப்போதும் இருக்கும் இடத்தில், கரையிலிருந்த பெட்டியில் இருந்தது.

ஆமையை இழுத்துக் கரை சேர்த்து, வீரபாகுவின் உடலை வெளியே எடுத்த பிறகுதான் அந்த வட்டங்கள் என்ன என்பது எல்லோருக்கும் விளங்கியது. ஏறிவந்த நீருக்கு முன்னால், இருட்டில், வாலிலிருந்து மூடிவரை நகர்ந்த ஒரு மனிதனுடைய வழி அது. இதை விதி என்றவர்கள் உண்டு. திருகாணியை விதி முடுக்குவதில்லை.

வீரபாகுவின் மனைவி சந்தனமாரி, காரியங்கள் முடிந்து, நல்லகண்ணு வட்டங்களைச் சுரண்டிய அந்தக் காலையில்தான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். அவளும் நீர் சுமப்பவள். ஒருவரும் அவளிடம் பேசவில்லை. அந்தத் தட்டலை முதன்முறையாகக் கேட்டவள், தகரத்தை இறக்கி வைத்துவிட்டு ஆமையை நெருங்கினாள். மற்றவர்கள் விலகி நடக்கும் அந்த இரும்பின்மேல் உள்ளங்கையை வைத்தாள். பிறகு ஏணியில் ஏறி, மூடியருகே இருந்த ஒரு வட்டத்தைத் தொட்டாள்.

“இங்கனதானா?”

நல்லகண்ணு சுரண்டுவதை நிறுத்திவிட்டு ஏணியடியிலிருந்து விலகினான்.

வெயில் தலைகாட்டும் நேரத்தில் முதலாளியின் கார் வந்து நின்றது. முன் கதவிலிருந்து ஆவுடைநாயகம் இறங்கினார். பின் கதவிலிருந்து ஒரு பூசாரி, கால் கட்டிய சேவலோடும் எலுமிச்சம்பழத் தாம்பாளத்தோடும் இறங்கினார். ஞானசம்பந்தம் சுருட்டிய வரைபடத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு கொட்டகைத் தூணோரம் வந்து நின்றார்.

“இந்தா பாருங்கடே,” என்றார் முதலாளி. “நடந்தது நடந்துபோச்சு. இதுக்குள்ள ராத்திரியில தட்டுது, விடியால தட்டுதுன்னு ஊரெல்லாம் பேசுதியளாம். சாந்தி பண்ணிருவோம். அச்சுல அடைப்பு மாத்தியாச்சு. வெள்ளிக்கிழமை அதிகாரிமாரு வாராக. ஆமை மெதக்கணும். உள்ள ஆளு இருக்க மெதக்கணும்.”

“கைப்பிடி வந்துட்டா, மொதலாளி?” என்றார் ஒலி முகம்மது.

“வரும்போது வரும்.”

“அப்ப, வரும்போது இறக்குவோமே.”

“அதுவரைக்கும் அதிகாரிமாரு ஒம்ம வீட்டுல வந்து படுத்துக்கிடுவாகளாவே?” முதலாளி திரும்பினார். “என்ன இஞ்சினியர், நீரு சொல்லும்.”

“படத்துல கைப்பிடி இருக்கு,” என்றார் ஞானசம்பந்தம் தாழ்ந்த குரலில்.

“படத்துல என் வயலுங் கெடக்கு, இப்பவும் பச்சையா. வித்துட்டேன்லா?” முதலாளியின் குரல் உடைந்து, பிறகு இறுகியது. “இது மெதக்கலன்னா பட்டறைக்குப் பூட்டுதான். எனக்குஞ் சோலி கெடையாது; ஒங்களுக்குங் கெடையாது. உள்ள யாரு உக்காருதா, சொல்லுங்க.”

துருத்திக்காரன் தரையைப் பார்த்தான். மழைநீர் ஒரு தகரத்தின்மேல் சொட்டியது.

“நா உக்காருதேன்,” என்றான் நல்லகண்ணு.

அச்சத்தால் வந்த சொல் அன்று அது. துணிவால் வந்ததும் அன்று. கடன் தீர்க்கப் போகிறவனின் முகம் அவனுக்கு இருந்தது. முதலாளி அதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவருக்கு அது வேண்டியதாகவே இருந்திருக்கும்.

“அதான் ஆம்பள! பூசாரி, ஆரம்பியும்.”

பூசாரி எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்தபோது சந்தனமாரி குறுக்கே வந்தாள். அதை அவர் கையிலிருந்து வாங்கி, மீண்டும் தாம்பாளத்திலேயே வைத்தாள்.

“அவுக எலுமிச்சம்பழம் கேக்கல, பூசாரி. கைப்பிடி கேக்காக.”

“அந்தச் சேவலையும் அவுத்து விடும்,” என்றாள் பேச்சித்தாய், பின்னாலிருந்து. “உள்ள உக்காரச் சொல்லிருவாகளோன்னு அது முழிக்கிற முழியப் பாரும்.”

யாரோ ஒருவன் சிரித்துவிட்டான். அந்தக் கொட்டகையில் வெகுநாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது. சிரித்தவனே திடுக்கிட்டு வாயை மூடிக்கொண்டான். முதலாளியின் முகம் சிவந்தது.

“மதியச் சோத்துக்குள்ள சொல்லுங்க. ஆமையா, பூட்டா?” என்று சொல்லிவிட்டு அவர் தம் அறைக்குப் போனார்.

அவர்கள் கிணற்றடியில் கூடினார்கள். வேலை நேரத்தில் அப்படி ஒருநாளும் கூடியதில்லை. ஆதலால் எங்கே நிற்பது, யார் பேசுவது என்று தெரியாமல், சாரலில் நனைந்துகொண்டு நின்றார்கள்.

“நீ எதுக்கு உக்காருத?” என்று சந்தனமாரி நல்லகண்ணுவைக் கேட்டாள்.

“மதினி, நான்தான் பதில் தட்டுனேன்.” அவன் வலக்கையை நீட்டிக் காட்டினான். “அவன் தெறக்கச் சொல்லித் தட்டுனான். நா ‘குறிச்சாச்சு, குறிச்சாச்சு’ன்னு தட்டிக்கிட்டே இருந்தேன். சாகுதவனுக்கு அதாங் கேட்டிருக்கும். இப்பவும் உள்ள தட்டுதான். என் கை போவுது மதினி, பதில் சொல்ல.”

“நா குலவை போட்டேன்.”

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“கரையில நின்னு, தொண்ட கிழியக் குலவை போட்டேன். என் புருசன் மெதக்குதாகன்னு. அவுக தட்டுன தட்டு என் குலவைக்குள்ளதான் முங்கிச்சு. நா எங்கன போயி உக்கார, சொல்லு?”

கிணற்றுச் சகடையில் கயிறு மெல்லச் சுழன்று நின்றது.

“போல்ட்டு முடுக்குனது நான்,” என்றார் ஒலி முகம்மது. அதுவரை அவர் அதை வாயால் சொன்னதில்லை. “ஒழுகிறப்பிடாதுன்னு, கையில உள்ள தெம்பையெல்லாம் குடுத்து முடுக்குனேன். தொழுகைக்குக் கை கழுவும்போதெல்லாம் அந்த ஸ்பானர்தான் கையில இருக்க மாதிரி இருக்கு.”

அப்போது பேச்சித்தாய் கேட்டாள்: “முடுக்கச் சொன்னது யாரு?”

எளிய கேள்வி. அத்தனை நாளும் ஒவ்வொருவரும் தத்தம் கையையே பார்த்துக்கொண்டிருந்ததால் எவருக்கும் தோன்றாத கேள்வி. பட்டறையில் எல்லோரும் தனித்தனியே தூக்கம் இழந்திருந்தார்கள். முதலாளியின் அறையில் மட்டும் அந்த வட்டங்களுக்கு வண்ணம் பூச ஆணை பிறந்தது.

“சொல்லுதது சரி. சோத்துக்கு?” என்றான் துருத்திக்காரன்.

“எனக்கும் வீட்டுல ரெண்டு குமரு கல்யாணத்துக்கு நிக்குதுலே,” என்றாள் பேச்சித்தாய். “பட்டறை இல்லன்னா பீடி சுத்தணும். கஞ்சிதான் குடிக்கணும். குடிப்போம். நாளைக்கு ஒன்னைய உள்ள வச்சு முடுக்குனா, உம் பொண்டாட்டி கஞ்சிய யாரு கூட இருந்து குடிப்பா?”

“நம்ம தட்டுல ‘தெற’ன்னு சொல்ல ஒரு தட்டு இல்ல,” என்றான் நல்லகண்ணு, தனக்குள் பேசுவதுபோல. “அதான். அவனுக்குச் சொல்லத் தெரியாம இல்ல. சொல்லு இல்ல.”

சந்தனமாரி கிணற்றின் கைப்பிடிச் சுவரில் விரல் முட்டியால் தட்டினாள். ஒரு தட்டு அன்று; இரண்டும் அன்று. இடைவெளி விடாமல், மூச்சு வாங்காமல், தட்டிக்கொண்டே இருந்தாள். முட்டித்தோல் உரியும் வரை தட்டினாள். ஒலி முகம்மது அவள் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. தம் கையையும் அதனருகே வைத்துத் தட்டினார்.

“தெறக்குத வரைக்கும் தட்டணும்,” என்றாள் அவள். “அதாம் அதுக்கு அர்த்தம்.”

மதியச் சோற்று வேளையில் அவர்கள் எல்லோரும் முதலாளியின் அறை வாசலில் நின்றார்கள். பேசியவன் நல்லகண்ணு.

“மொதலாளி, நா உக்காரல. இன்னொருத்தன் உக்காரவும் விடமாட்டோம். உள்ளேருந்து தெறக்குத கைப்பிடிய வையுங்க. மறுநாளே இறக்குதோம். நானே உக்காருதேன்.”

ஆவுடைநாயகம் எழுந்தார். “எல்லையில பனியில நிக்கானே சிப்பாயி, அவன் ‘கைப்பிடி குடு’ன்னு கேட்டுக்கிட்டா நிக்கான்? நாட்டுக்குச் செய்யுத வேலைடே இது!”

“அந்தச் சிப்பாயிதான் மொதலாளி நாளைக்கு இதுக்குள்ள உக்காரணும்,” என்றார் ஒலி முகம்மது. “ஏதோ ஒரு ஆத்துக்குள்ள, இருட்டுல. மேல நிக்கவனுக்குக் கேக்கலன்னா, அவன் என்ன செய்வான்? நாங்க எங்களுக்கு மட்டுங் கேக்கல.”

ஒரு கணம் முதலாளியின் பார்வை சாளரத்தைத் தாண்டி ஆமையின்மேல் விழுந்தது. அந்த ஒரு கணம் அவரும் எதையோ கேட்டவர்போல் இருந்தார். பிறகு அவர் காதை அடைத்துக்கொள்வதுபோலக் கத்தினார்:

“உள்ள உக்காராதவனுக்கு வெளியதான் எடம். எல்லாரும் வெளிய!”

அவர்கள் வெளியே வந்தார்கள். துருத்திக்காரன் உலையை அணைத்துவிட்டு வந்தான். பின்னால் இரும்புக் கதவு இழுத்துச் சாத்தப்பட்டது. உட்பக்கம் பூட்டு விழுந்தது.

மறுநாள், ஆமைக்குள் அமர்வதற்கென்று கடையத்திலிருந்து வண்டியில் சிலர் அழைத்து வரப்பட்டார்கள். கதவருகே நின்ற சந்தனமாரியிடம் என்ன கூட்டம் என்று விசாரித்தார்கள். அவள் சொன்னாள். அவர்கள் வந்த வண்டியிலேயே திரும்பிப் போனார்கள். அவர்களுள் வயதான ஒருவர் மட்டும் போகும்போது தம் சோற்றுப் பொட்டலத்தைப் பேச்சித்தாயின் கையில் வைத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை சாரலோடு விடிந்தது. குற்றாலச் சாலையில், அருவிக்குப் போகும் முதல் பேருந்துகள், எண்ணெய் வழியும் தலைகளைச் சன்னல்தோறும் சுமந்துகொண்டு போயின. அதிகாரிகளின் ஜீப் எந்த நேரமும் வரலாம். கதவுக்கு வெளியே அவர்கள் நனைந்து நின்றார்கள். உள்ளே, முற்றத்தில், ஆவுடைநாயகம் குடையின்கீழ் நின்றார். ஞானசம்பந்தம் சற்றுத் தள்ளி, குடையின்றி நின்றார்; அவர் கையில் விரித்த வரைபடத்தின்மேல் சாரல் விழுந்துகொண்டிருந்தது. அதை அவர் சுருட்டவில்லை.

ஆளற்ற கொட்டகைக்குள் ஆமை தட்டியது.

ஒரு தட்டல். கதவின் இருபுறத்திலும் இருந்த அனைவரும் கேட்டார்கள்.

நல்லகண்ணுவின் வலக்கை சுத்தியலுக்குப் போயிற்று. இம்முறை அவன் அதைத் தடுக்கவில்லை. சுத்தியலை உருவி, பூட்டிய இரும்புக் கதவின்மேல் அடித்தான். இரண்டு அடியோடு நிறுத்தவில்லை. அடித்துக்கொண்டே இருந்தான். ஒலி முகம்மது ஸ்பானரால் அடித்தார். பேச்சித்தாயும் மற்றப் பெண்களும் வெறும் தகரங்களைக் கவிழ்த்துக் கல்லால் அடித்தார்கள். சந்தனமாரி, காயம் ஆறாத முட்டியால் அடித்தாள். இடைவெளி இல்லாத அந்த ஓசை, நீரின் அடியில் ஒரு மனிதன் சொல்ல முயன்று சொல்லின்றிப்போன அந்த ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தது. பேருந்து ஒன்று வேகம் தணிந்தது. சன்னல்களில் முகங்கள் திரும்பின.

கைகள் ஓய்ந்தன. மூச்சு வாங்கினார்கள். கதவு அசையவில்லை.

அப்போது சாலைக்கு அப்பாலிருந்து, வேறொரு முதலாளியின் பட்டறையில் முடியாமல் நின்ற பேருந்தின் கூரைமேலிருந்து, இரண்டு தட்டல் கேட்டது.

யாரென்று தெரியவில்லை. சாரலுக்குள் ஓர் உருவம் சுத்தியலோடு நின்றது. அடுத்த கொட்டகையிலிருந்து இரண்டு தட்டல். அதற்கும் அப்பால், லாரி பழுது பார்க்கும் இடத்திலிருந்து, கனத்த இரும்பில் இரண்டு. கேட்டோம், குறித்துவிட்டோம்.

நல்லகண்ணு சந்தனமாரியைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அவன் முகத்தில் வழிந்த நீரைத் துடைத்துவிட்டு, சுத்தியலை மீண்டும் ஓங்கினான்.